ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் கணக்குப் பாடம் நடக்கும்போது உட்கார்ந்து பார்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஆசிரியர் பயிற்சி மாணவர்களை வகுப்பறை உற்றுநோக்கலுக்கு அழைத்துப்போகும் வேலையைச் சில வருடங்களாகச் செய்துவருகிறேன். வேலூர் மாவட்டத்தில் காட்பாடி, கே.வி.குப்பம், அணைக்கட்டு, குடியாத்தம் ஒன்றியங்களில், பெரும்பாலும் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை. முதல்முறை வருகிறவர்கள் கிட்டத்தட்ட ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். அதில் பெரியது, முக்கால் மணி நேரமும் ஆசிரியரையே பார்த்துவிட்டுத் திரும்புவது. கணக்கு நடப்பது பிள்ளையின் விரலில், உதட்டில், நோட்டில். கண்ணை அங்கே பழக்குவதற்குத்தான் இந்த வரிசை.

பயிற்சி மாணவர்களை நினைத்து எழுதியிருந்தாலும், புதிதாக வேலையில் சேர்ந்த ஆசிரியருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோருக்கும் இதுவே போதும்.

1. அனுமதி, நாள், பாடம்

கல்லூரிக் கடிதம், வட்டாரக் கல்வி அலுவலருக்குத் தகவல், தலைமையாசிரியரின் சம்மதம் என்பதெல்லாம் காகித வேலை. எப்படியும் நடந்துவிடும். பலர் விட்டுவிடுவது வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டிப் பேசுவதை. அன்று காலையில்தான் தெரியும் என்றால் அவர் ஆய்வு அதிகாரி வந்ததாக நினைத்து, போன வாரம் முடித்த பாடத்தை மறுபடி மேடையேற்றுவார். பிள்ளைகளும் பளிச்சென்று பதில் சொல்வார்கள். உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது.

இரண்டு நாள் முன்பே போய், "மார்க் போட வரல டீச்சர், பிள்ளைங்க எப்படி எண்ணுறாங்கன்னு பார்க்க வர்றேன்" என்று சொல்லிவிடுங்கள். அன்று என்ன பாடம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். புதிதாக ஒன்றைத் தொடங்கும் நாளோ, அதற்கு அடுத்த நாளோ நல்லது. தெரியாமல் தடுமாறும் பிள்ளையை அப்போதுதான் பார்க்க முடியும்.

படம், வீடியோ எடுப்பதில்லை என்று அப்போதே வாக்குக் கொடுங்கள். பிள்ளைகளின் முகம் உங்கள் போனில் இருக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

2. முந்தின நாள் இரவு அந்தக் கணக்கை நீங்களே செய்து பாருங்கள்

சிரிக்காதீர்கள். 27 + 15 உங்களுக்குத் தெரியும். ஆனால் அதைக் குச்சிகளை வைத்துச் செய்து எத்தனை வருடமாகிறது? இரண்டு பத்துக் கட்டும் ஏழு உதிரியும் ஒரு பக்கம், ஒரு கட்டும் ஐந்து உதிரியும் இன்னொரு பக்கம் வையுங்கள். உதிரிகளைச் சேர்த்தால் பன்னிரண்டு. அதில் பத்தை எண்ணி ரப்பர் பேண்டு போட்டால் புதுக் கட்டு ஒன்று. அந்த ரப்பர் பேண்டைப் போடும் நொடிதான் புத்தகம் "இனமாற்றம்" என்று சொல்வது. கை செய்து பார்த்திருந்தால்தான் மறுநாள் அந்த நொடியைக் கண் பிடிக்கும்.

அடுத்து, அந்தக் கணக்குக்கு என்னென்ன தப்பான விடை வரலாம் என்று எழுதிப் பாருங்கள். 27 + 15க்கு 312 வரும்: ஏழும் ஐந்தும் பன்னிரண்டு என்று அப்படியே எழுதி, இடப்பக்கம் மூன்று. 32 வரும்: மேலே போட வேண்டிய ஒன்றை மறந்தால். 42 − 17 என்றால் 35 வரும், ஏனென்றால் "பெரிசுலேர்ந்து சின்னது" என்று பழகிய பிள்ளை இரண்டிலிருந்து ஏழைக் கழிக்காமல் ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிடும். இந்தப் பட்டியல் கையில் இல்லாதவர் 312ஐப் பார்த்து "கவனக்குறைவு" என்று எழுதுவார். அது கவனக்குறைவு இல்லை. பிள்ளை ஒழுங்காக ஒரு வழியில் போயிருக்கிறது, வழிதான் வேறு.

இன்னொன்று. அரசுப் பள்ளி என்றால் அறையில் ஒரே வகுப்புதான் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். 2022இல் தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்து நடத்துகிறார்கள். மூன்று வகுப்பும் ஓர் அறையில், ஒரே ஆசிரியரிடம் இருப்பதும் சகஜம். மொட்டுப் பிள்ளைகள் கூட்டலில் இருக்கும்போது அரும்புப் பிள்ளைகள் ஒரு மூலையில் புளியங்கொட்டை எண்ணிக்கொண்டிருப்பார்கள். எந்தக் குழுவைப் பார்க்கப் போகிறீர்கள் என்று இரவே முடிவுசெய்யுங்கள். எல்லாவற்றையும் பார்க்கப் போனவர் எதையும் பார்க்காமல் வந்த கதை நிறைய உண்டு.

3. பையில் என்ன

நீளமான கோடு போட்ட நோட்டு, இரண்டு நிறப் பேனா, விநாடி முள் உள்ள கைக்கடிகாரம், ஐம்பது புளியங்கொட்டை போட்ட சின்னத் துணிப்பை, தண்ணீர். வேலூர் வெயிலில் மின்விசிறி இல்லாத அறையும் வாய்க்கலாம், தண்ணீரை மறக்க வேண்டாம். மணி பார்க்கப் போனை எடுத்தால் பிள்ளைகளின் கவனம் முழுக்க அதற்குப் போய்விடும். மிட்டாய் வேண்டாம். கொடுத்தால் அடுத்த முறை உங்களைப் பார்த்ததும் கணக்கு நின்றுவிடும்.

4. உட்காரும் இடம்

போனதும் எல்லோரும் கடைசி வரிசைக்குப் போவார்கள். மரியாதை என்று நினைப்பு. அங்கிருந்து தெரிவது முப்பது பின்னந்தலைகள். பக்கவாட்டில், முன்பக்க மூலையில் உட்காருங்கள். பிள்ளைகளின் கையும் வாயும் தெரிய வேண்டும். பிள்ளைகள் தரையில் என்றால் நீங்களும் தரையில்தான். நாற்காலியில் உட்கார்ந்தால் நோட்டு தெரியாது, அதிகாரி மாதிரியும் தோன்றும்.

சுவரில் சாய்வதற்கு முன் திரும்பிப் பாருங்கள். நிறையப் பள்ளிகளில் பிள்ளைகள் எழுத, சுவரின் அடிப்பகுதியில் கரும்பலகை உண்டு. ஒருமுறை கூட வந்த தம்பி ஒருவர் அதில் சாய்ந்து, இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் கணக்கு முழுவதையும் சட்டை முதுகில் வாங்கிக்கொண்டார். பிள்ளை அழுதுவிட்டது. மீதி நேரம் அவரைப் பார்த்து வகுப்பே சிரித்தது.

முதல் பத்து நிமிடம் பாடத்தைப் பற்றி எதுவும் எழுதாதீர்கள். அதுவரை பிள்ளைகள் உங்களைத்தான் பார்ப்பார்கள், நடப்பதும் இயல்பாக இருக்காது. அந்த நேரத்தில் அறையின் படம் வரையுங்கள்: பலகை, கதவு, சன்னல், யார் எங்கே, பொருள்கள் எங்கே. பின்னால் "ஏன் அந்தப் பக்கம் யாருமே குச்சி எடுக்கவில்லை" என்று யோசிக்கும்போது, பெட்டி இந்தப் பக்கம் இருந்தது என்று இந்தப் படம்தான் சொல்லும்.

5. மூன்று பிள்ளைகள்

முப்பது பேரையும் பார்க்க முடியாது. மூன்று பேரைத் தேர்ந்தெடுங்கள், பாடம் தொடங்கும் முன்பே, உட்கார்ந்திருக்கும் இடத்தை வைத்து. சன்னலோரம் ஒருவர், நடுவில் ஒருவர், சுவரோரம் ஒருவர். நோட்டில் பெயர் எழுத வேண்டாம், "சன்னல்", "நடு", "சுவர்" என்றே போடுங்கள்.

முன்பே ஏன்? பாடம் தொடங்கிவிட்டால் கண் தானாகவே கை தூக்கும் பிள்ளையிடம் போய்விடும். அந்தப் பிள்ளைக்கு நீங்கள் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் கணக்கு வரும்.

தேர்ந்தெடுத்த பிள்ளை ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தால் வேறு பிள்ளைக்கு மாறத் தோன்றும். மாறாதீர்கள். ஒன்றும் செய்யாமல் இருந்தது எத்தனை நிமிடம் என்பதையே எழுதுங்கள். அதைவிடப் பெரிய குறிப்பு சில நாள் கிடைக்காது.

6. பக்கத்தை இரண்டாகப் பிரித்து எழுதுதல்

இந்த இடத்தில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள், அதனால் இங்கே கொஞ்சம் நின்று போவோம்.

உற்றுநோக்கல் பதிவேடுகளில் வருடா வருடம் நான் படிக்கும் வரி இது: "ஆசிரியர் துணைக்கருவிகளைப் பயன்படுத்திச் சிறப்பாகக் கற்பித்தார். மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர்." பள்ளிக்கே போகாமல் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்தும் இதை எழுதிவிடலாம். இதை வைத்து அடுத்த நாள் யாரும் எதையும் மாற்ற முடியாது.

பக்கத்தின் நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் மணியும் நடந்ததும், ஒரு நிறப் பேனாவில். வலப்பக்கம் உங்கள் எண்ணம், வேறு நிறத்தில். இடப்பக்கத்தில் "நன்றாக", "சரியாக", "ஆர்வமாக" போன்ற சொல் ஒன்றுகூட வரக்கூடாது. காதில் விழுந்ததும் கண்ணில் பட்டதும் மட்டும்தான். பேச்சைப் பேசியபடியே எழுதுங்கள், எழுத்துத் தமிழுக்கு மாற்ற வேண்டாம். மாற்றினால் பிள்ளை தடுமாறிய இடம் அழிந்துபோகும்.

இடப்பக்கம் இப்படி இருக்க வேண்டும்:

10.42. ஆசிரியர் பலகையில் 27 + 15, ஒன்றின் கீழ் ஒன்று. "ஏழும் அஞ்சும் எவ்ளோ?" பலர் சேர்ந்து: "பன்னெண்டு."

10.43. "பன்னெண்டுல ரெண்டு இங்க, ஒண்ணு மேல." 2க்கு மேல் சின்னதாக 1 எழுதுகிறார். குச்சிக் கட்டு மேசை மேல் இருக்கிறது, யாரும் தொடவில்லை.

10.45. நடு: நோட்டில் 312. சுவர்: எழுதவில்லை, நடுவின் நோட்டைப் பார்க்கிறது. சன்னல்: 42. விரல் மடக்கவில்லை, உதடு அசைகிறது.

10.46. சுவர்: 312.

வலப்பக்கம்: "மேலே போட்ட ஒன்று, பத்து என்று நடுவுக்குத் தெரியுமா? சுவர் கணக்குப் போட்டதா, காப்பியா? சன்னல் மனதில் என்ன செய்தது, கேட்க வேண்டும்."

எண்ணத்தை ஏன் தனியாக வைக்க வேண்டும் என்றால், அது மாறும். நடந்தது மாறாது. இரண்டையும் கலந்து எழுதிவிட்டால் மாலையில் எதைத் திருத்துவது என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருப்பீர்கள்.

7. கூட்டுக்குரலை நம்பாதீர்கள்

"புரிஞ்சுதா?" "புரிஞ்சுது டீச்சர்ர்ர்!" இந்த ராகம் எல்லாப் பள்ளியிலும் ஒன்றுதான். வகுப்பே சேர்ந்து பதில் சொல்லும்போது சத்தத்தை விட்டுவிட்டு மூன்று உதடுகளைப் பாருங்கள். பதில் தெரிந்த பிள்ளை முதலில் வாய் திறக்கும். தெரியாத பிள்ளை அரை நொடி தள்ளி, கடைசி எழுத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும்: "…ண்டு." அந்த அரை நொடியை ஒருமுறை பிடித்துவிட்டால் பிறகு எந்த வகுப்பிலும் தெரியும்.

அப்படியே, கேள்விக்கும் அடுத்த பேச்சுக்கும் நடுவே எத்தனை விநாடி என்று கடிகாரத்தில் பாருங்கள். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் அறிவியல் வகுப்புகளில் இதை அளந்தார். கேட்டுவிட்டு ஆசிரியர்கள் காத்திருந்தது சுமார் ஒரு விநாடிதான். அதையே மூன்று விநாடி ஆக்கியபோது பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். கணக்கில் விரல்விட்டு எண்ணும் பிள்ளைக்கு மூன்று விநாடியும் போதாது. இதை ஆசிரியர்மேல் குற்றமாக எழுத வேண்டாம், விநாடியை மட்டும் எழுதுங்கள். நாம் பாடம் எடுக்கும்போது நாமும் ஒரு விநாடிக்குமேல் பொறுப்பதில்லை.

8. குச்சி எப்போது மறைகிறது

கணக்குப் பொருளில் தொடங்கிப் படத்துக்குப் போய் எண்ணுக்கு வருகிறது என்பது பயிற்சியில் எல்லோரும் படித்ததுதான். நீங்கள் பார்க்க வேண்டியது குச்சி இருக்கிறதா என்பதை விட, யார் கையில் இருக்கிறது, எந்த நிமிடத்தில் கையை விட்டுப் போகிறது என்பதை.

குச்சிக் கட்டை யார் கட்டினார்கள் என்று முதலில் பாருங்கள். ஆசிரியர் வீட்டிலேயே பத்துப் பத்தாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தால், அதற்குள் பத்து இருக்கிறது என்பது பிள்ளைக்குக் காதால் கேட்ட செய்திதான். ஒருமுறை இரண்டாம் வகுப்புப் பையனிடம் கட்டைக் கொடுத்து "இதுல எத்தனை?" என்றேன். "ஒண்ணு" என்றான். சரியான பதில்தான். அவன் கண்ணுக்கு அது ஒரு கட்டு. பிள்ளையே எண்ணிக் கட்டிய கட்டாக இருந்தால் இந்தப் பதில் வருவது குறைவு. கட்டிவைத்து எண்ணும் வழக்கம் உள்ள வீட்டுப் பிள்ளைகள் இதில் முந்திக்கொள்வார்கள். குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் வீட்டுப் பெண் ஒருத்தி, நான் கேட்காமலே கட்டைப் பிரித்து எண்ணி, திரும்பக் கட்டி வைத்தாள்.

கழித்தலில் கூடுதல் கவனம் வேண்டும். "ரெண்டுல ஏழு போகாது, பக்கத்து வீட்ல ஒண்ணு கடன் வாங்கு" என்ற பேச்சு தலைமுறை தலைமுறையாக வருகிறது. பிள்ளையின் காதில் அது எப்படி விழும் என்று யோசியுங்கள். வாங்கியது ஒன்று, வந்தது பத்து, திருப்பிக் கொடுப்பதே கிடையாது. எந்த வட்டிக்கடையிலும் இந்தக் கணக்கு செல்லாது. 42இல் ஒரு கட்டைப் பிரித்து உதிரியாக்கினால் மூன்று கட்டும் பன்னிரண்டு உதிரியும். அவ்வளவுதான், எல்லாம் நம் வீட்டுக் குச்சிதான். ஆசிரியர் "கடன்" என்ற சொல்லை எத்தனை முறை சொன்னார், கட்டு உண்மையில் எத்தனை முறை பிரிந்தது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

9. எண்ணின் பெயரில் விழும் பிள்ளைகள்

புதியவர்கள் யாருமே கவனிக்காத இடம் இது. தமிழ் எண்பெயர்கள் பொதுவாகக் குழந்தைக்கு உதவும்: இருபத்து மூன்று என்றால் பத்து முதலில், ஒன்று பிறகு, எழுதுவதும் அதே வரிசை. ஆனால் சில இடங்களில் பள்ளம் இருக்கிறது.

தொண்ணூறு. ஒன்பது பத்துகள்தான், பெயரிலோ நூறு கேட்கிறது. அப்படியே தொள்ளாயிரத்தில் ஆயிரம். தொண்ணூற்று ஐந்து எழுதச் சொன்னால் 905 எழுதிய பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். காதுக்கு அது நியாயமாகத்தான் நடந்துகொண்டது. ஒன்பதும் எண்பதும் ஒலியில் நெருங்கி வருவதால் வேகமாகச் சொல்லும்போது குழம்பும். இருபத்தொன்பதுக்கு அப்புறம் "இருவத்திப்பத்து" என்பார்கள், சிரிக்க வேண்டாம், விதியைப் பிடித்துக்கொண்டதன் அடையாளம் அது. நூற்று இருபத்தைந்தை 10025 என்று எழுதுவதும் கேட்டதைக் கேட்டபடி எழுதுவதே.

நம் ஊருக்கென்று இன்னொன்றும் உண்டு. பழைய வட ஆற்காட்டில், வேலூர் நகரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் என்று உருது பேசும் வீடுகள் நிறைய. உருதுவில் 25 பச்சீஸ், 52 பாவன்: ஐந்தின் சாயல் முதலில், இருபது பிறகு. இரண்டின் சாயல் முதலில், ஐம்பது பிறகு. வீட்டில் இப்படி எண்ணிப் பழகிய பிள்ளை 25ஐ 52 என்று எழுதினால் அதை வேறு கண்ணோடு பார்க்க வேண்டும். உருது எழுத்து வலமிருந்து இடம் போனாலும் எண்ணை இடமிருந்து வலமாகத்தான் எழுதுவார்கள் என்பதும் சின்னப் பிள்ளைக்குக் கூடுதல் சுமை. பரதராமிப் பக்கம் தெலுங்கு வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தத் தலைகீழ் கிடையாது, தெலுங்கிலும் இருபது முதலில், ஐந்து பிறகு.

அதனால் எண்ணைத் திருப்பி எழுதிய பிள்ளையைப் பார்த்தால், வீட்டில் எந்த மொழி என்று ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டு, பிறகு ஆசிரியரிடம் கேளுங்கள்.

10. தப்பான விடைக்கு என்ன நடந்தது

விடை தப்பு என்று தெரிந்ததும் அடுத்து நடப்பதை வரிசையாக எழுதுங்கள். பெரும்பாலும் நான்கு வழிதான்: ஆசிரியர் "தப்பு, உட்காரு" என்று அடுத்தவரிடம் போவது, தானே சரியாகச் சொல்லிவிடுவது, வேறு பிள்ளையைச் சொல்லவைப்பது, "எப்படி வந்துச்சு, சொல்லு" என்று கேட்பது. கடைசி வழியைப் பார்த்தால் வரிக்கு வரி எழுதிவிடுங்கள்.

சரியான விடைக்கு என்ன நடக்கிறது என்றும் பாருங்கள். 8 + 5க்கு மூன்று பிள்ளைகளும் 13 என்று சொல்லலாம். ஒருவர் எட்டு விரலை நீட்டி, ஐந்து விரலுக்கு இடம் போதாமல் பக்கத்துப் பிள்ளையின் கையைக் கடன் வாங்கி, ஒன்றிலிருந்து எண்ணியிருப்பார். ஒருவர் "எட்டு மனசுல, அஞ்சு விரல்ல" என்று ஒன்பதிலிருந்து தொடங்கியிருப்பார். ஒருவர் ஐந்தை இரண்டும் மூன்றுமாகப் பிரித்து, எட்டோடு இரண்டைச் சேர்த்துப் பத்தாக்கியிருப்பார். மூன்றும் வேறு வேறு படி. நோட்டில் மூன்றுக்கும் ஒரே சிவப்பு டிக்.

வாக்கியக் கணக்கு நடந்தால், பிள்ளைகள் கணக்கைப் படிக்கிறார்களா, ஒரு சொல்லை மட்டும் தேடுகிறார்களா என்று பாருங்கள். "மொத்தம்" என்றால் கூட்டு, "மீதி" என்றால் கழி என்று சொல்லிக்கொடுத்த வகுப்பில் இதைக் கேட்டால் தெரிந்துவிடும்: "அக்காவிடம் 5 நாவல்பழம். அது தம்பியிடம் இருப்பதைவிட 3 அதிகம். தம்பியிடம் எத்தனை?" "அதிகம்" என்ற சொல் காதில் விழுந்ததுமே எட்டு என்பார்கள்.

11. நோட்டைப் பார்ப்பது

பாடம் முடிந்ததும், ஆசிரியரிடம் கேட்டுவிட்டு, மூவரின் நோட்டையும் பாருங்கள். அன்றைய பக்கம் மட்டும் போதாது, இரண்டு வாரம் பின்னால் போங்கள். ரப்பரால் அழித்த தடம் எங்கே இருக்கிறதோ அங்கே விஷயம் இருக்கிறது. ஒரு பக்கம் முழுக்கச் சரியாக, அழிக்காமல், ஒரே எழுத்தில் இருந்தால் பலகையைப் பார்த்து எழுதியதாக இருக்கலாம். சமக்குறியின் இரண்டு பக்கமும் பாருங்கள்: எல்லாக் கணக்கும் 4 + 3 = என்றே முடிந்திருந்தால், அந்தக் குறி பிள்ளைக்கு "இங்கே விடை எழுது" என்ற கட்டளையாகவே பதிந்திருக்கும்.

12. பிள்ளையிடம் கேட்பது

இதுவும் அனுமதியோடு, ஐந்து நிமிடத்துக்குமேல் போகாமல், இடைவேளையைத் தின்றுவிடாமல்.

"எப்படிக் கண்டுபுடிச்ச? எனக்குச் சொல்லிக் குடு" என்று கேளுங்கள். சரியான விடைக்கும் இதையே கேட்க வேண்டும். தப்புக்கு மட்டும் கேட்டால், கேள்வி வந்தாலே தப்பு என்று பிள்ளை புரிந்துகொண்டு அவசரமாக அழிக்கத் தொடங்கும்.

அரும்புப் பிள்ளை என்றால் புளியங்கொட்டையை எடுங்கள். ஏழு கொட்டையைப் பரப்பி எண்ணச் சொல்லுங்கள். ரோஷல் கெல்மனும் சி. ஆர். காலிஸ்டலும் 1978இல் எண்ணுதலுக்கு ஐந்து விதிகளை வகுத்தார்கள். அதில் மூன்று இங்கே கண்ணுக்குத் தெரியும்: ஒரு கொட்டைக்கு ஒரு எண் சொல்கிறதா, எண்களை மாறாத வரிசையில் சொல்கிறதா, கடைசியில் சொன்ன எண்தான் மொத்தம் என்று தெரிந்திருக்கிறதா. எண்ணி முடித்ததும் "அப்போ எத்தனை?" என்று கேளுங்கள். "ஏழு" என்றால் சரி. மறுபடி ஒன்று, இரண்டு என்று தொடங்கினால் மூன்றாவது விதி இன்னும் வரவில்லை. அந்தப் பிள்ளைக்கு இப்போது கூட்டல் நடத்துவது கூரையில்லாத வீட்டுக்கு வெள்ளையடிப்பது.

சொல்லிக்கொடுக்காதீர்கள். இது நானே செய்த தப்பு. ஆரம்ப காலத்தில் ஒரு பிள்ளை 42 − 17க்கு 35 என்று எழுதியதைப் பார்த்ததும் கை நமைச்சல் தாங்காமல் கட்டைப் பிரித்துக் காட்டி, 25 வரவழைத்துவிட்டேன். பிள்ளைக்குச் சந்தோஷம், எனக்கும் பெருமை. மாலையில் நோட்டைத் திறந்தால், அது எப்படி யோசித்தது என்று ஒரு வரிகூட இல்லை. நான் எப்படி யோசித்தேன் என்பதுதான் பக்கம் முழுக்க இருந்தது.

13. ஆசிரியரிடம் பேசுவது

பாராட்டும் வேண்டாம், யோசனையும் வேண்டாம். ஒரு பிள்ளையைப் பற்றிய கேள்வியோடு தொடங்குங்கள்: "சன்னலோரம் இருந்த பாப்பா உதட்டாலயே எண்ணுச்சே டீச்சர், எப்பவும் அப்படித்தானா?" எந்த ஆசிரியரும் தன் பிள்ளைகளைப் பற்றிப் பேசத் தயங்குவதில்லை.

ஒருமுறை என் வலப்பக்கத்தில், "சன்னலை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை, ஒதுக்கப்படுகிறாள்" என்று எழுதிவைத்திருந்தேன். பேசும்போதுதான் தெரிந்தது, அந்தப் பெண் அப்பா அம்மாவோடு செங்கல் சூளைக்குப் போய் இரண்டு மாதம் கழித்து அந்த வாரம்தான் திரும்பியிருந்தாள். முதல் வாரம் எழுப்பிக் கேள்வி கேட்டால் நின்றுவிடுவாள் என்று டீச்சர் வேண்டுமென்றே விட்டிருந்தார். இடப்பக்கம் அப்படியே இருந்தது. வலப்பக்கத்தைத்தான் அடித்துவிட்டு வேறு எழுதினேன்.

14. அன்றே எழுதி, திரும்பவும் போங்கள்

பேருந்தில் உட்கார்ந்ததும் அரைகுறை வரிகளை முழுசாக்கிவிடுங்கள். மறுநாளைக்கு வைத்தால் "ரெண்டு இங்க, ஒண்ணு மேல" என்பது "இனமாற்றத்தை விளக்கினார்" என்று சுருங்கிப் போயிருக்கும். இரவில் முழு அறிக்கை எழுதும்போது ஒரு பிள்ளைக்கு ஒரு பத்தி, அதற்கு ஆதாரமாக இடப்பக்கத்திலிருந்து குறைந்தது இரண்டு வரி. ஆதாரம் இல்லாத பத்தியை அடித்துவிடுங்கள்.

பதிவேட்டில் கையெழுத்து வாங்கியதும் வேலை முடிந்ததென்று பலர் நின்றுவிடுகிறார்கள். ஒரு வாரம் கழித்து அதே வகுப்புக்கு, அதே மூலைக்குப் போங்கள். இந்த முறை பத்து நிமிடம் காத்திருக்க வேண்டியிருக்காது, பிள்ளைகள் உங்களை மறந்து வேலையைப் பார்ப்பார்கள். ஆசிரியரிடம் கேட்டு, 36 + 27 எழுதிய துண்டுச் சீட்டை நடுவிடமும் சுவரிடமும் தனித்தனியாகக் கொடுங்கள், ஒருவர் நோட்டு ஒருவருக்குத் தெரியாத இடத்தில் உட்காரவைத்து. பக்கத்தில் குச்சிகளை வையுங்கள், எடுக்கச் சொல்லாதீர்கள். எடுத்தால் மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். 513 வந்தால் போன வாரத்துப் பக்கத்தைத் திருப்பி, 312க்கு நேராக எழுதுங்கள்.